கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் வலி: நரம்பு எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது?

கேள்வி, முக்கூடலிலிருந்து, 9 ஜூன் 2023

என் அம்மாவுக்கு வயது 52. முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார்கள். ஆறு மாதமாக வலப்பக்கக் கழுத்திலும் தோள்பட்டையிலும் வலி இருக்கிறது. அது கை வழியாக இறங்கி விரல்கள் மரத்துப் போகின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அறுவை சிகிச்சை என்கிறார். இன்னொருவர் வர்ம ஆசானிடம் கூட்டிப் போகச் சொல்கிறார். பி12 ஊசி போட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

9 ஜூன் 2023, இரவு

தம்பி, நான் மருத்துவன் அல்லன். அம்பாசமுத்திரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறவன். 2019ஆம் ஆண்டு தை மாதம் தொடங்கி ஆடி வரை இந்த வலியோடு படுத்து இந்த வலியோடு எழுந்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது எனக்கு வந்ததேதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அது கழுத்தில் தொடங்கவே இல்லை. வலப்பக்க முதுகுப் பட்டை எலும்புக்கும் நடு முதுகுக்கும் இடையே, யாரோ பெருவிரலை ஊன்றி அழுத்திக்கொண்டே நிற்பதைப் போல ஒரு வலி வந்தது. வாய்வுப் பிடிப்பு என்று வீட்டில் முடிவு செய்து இருபது நாள் பூண்டுப்பால் குடித்தேன். பிறகு அது தோளுக்கு ஏறி, மேற்கையின் வெளிப்புறமாக இறங்கி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மரமரப்பாக நின்றது. ஒரு தனியார் மருத்துவமனையில் தோள் மூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். மூன்று வாரம் காத்திருந்தும் இம்மியளவு மாற்றமும் இல்லை.

உண்மையான துப்பு என் மனைவியிடமிருந்து வந்தது. நான் இரவு முழுவதும் வலக்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டே தூங்குவதாகவும், தலையில் கை வைத்துத் தூங்குவது குடும்பத்துக்கு ஆகாது என்றும் அவள் கடிந்துகொண்டாள். பாளையங்கோட்டையில் நான் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னதும், அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தலையில் வைத்தால் வலி குறைகிறதா என்று கேட்டார். குறையத்தான் செய்தது. கழுத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர் நெருக்கப்பட்டிருக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால் அந்த நரம்பின் இழுவிசை தளர்ந்து வலி அடங்கும் என்று விளக்கினார். அடுத்து என் முகத்தைச் சற்றே மேல்நோக்கி வலப்பக்கம் சாய்த்து, உச்சந்தலையில் மெதுவாக அழுத்தினார். சுளீரென்று ஒரு கோடு கட்டைவிரல் வரை ஓடியது. படம் எடுப்பதற்கு முன்பே அவர் ஆறாவது நரம்பு என்று சொல்லிவிட்டார்.

கழுத்தில் எலும்புகள் ஏழு. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் எட்டு இணை. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே உள்ள சிறு துளை வழியாக ஆறாவது நரம்பு வெளியே வருகிறது. அது கட்டைவிரல் பக்கத்துக்கும், ஏழாவது நரம்பு நடுவிரலுக்கும், எட்டாவது சுண்டுவிரல் பக்கத்துக்கும் உணர்வைக் கொண்டுபோகின்றன. எந்த விரல் மரத்துப்போகிறது என்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

10 ஜூன் 2023

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அறுவை சிகிச்சைக்கு உடனே தேதி வாங்கிவிடாதீர்கள். கை பலவீனமாகாமல் வலியும் மரமரப்பும் மட்டும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை, ஓய்வு, பயிற்சி ஆகியவற்றாலேயே ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் குறைந்துவிடுகிறது. எனக்குப் பதினோராவது வாரத்தில் வலி அடங்கியது. கட்டைவிரல் நுனியின் மதமதப்பு மட்டும் ஆடி வரை நீடித்தது.

10 ஜூன் 2023, மாலை

நாவிதர் கடையில் கழுத்துச் சொடக்கு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். என் வலியின் இரண்டாவது மாதத்தில், முடி வெட்டி முடித்ததும் அவர் வழக்கம்போல் என் தாடையில் ஒரு கையும் பிடரியில் ஒரு கையும் வைத்துச் சட்டென்று திருப்பினார். அன்று இரவு பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை; நான் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இதில் வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகவே மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. வேகமாக முறுக்கும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இது அரிதாகத்தான் நடக்கும். நடந்துவிட்டால் மீள்வது கடினம்.

11 ஜூன் 2023

வர்மம் பற்றிக் கேட்டவருக்கு எழுதுகிறேன். நம் பக்கத்தில் ஆசான்களுக்குக் குறைவில்லை. நான் அவர்களைக் குறைத்துப் பேசமாட்டேன். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கழுத்து எலும்புத் தேய்மானத்தைச் சகன வாதம் என்றும், தோள் மூட்டு இறுகுவதைக் கும்ப வாதம் என்றும் பிரித்துத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்ற அந்தப் பிரிப்பே எனக்கு முதலில் கிடைத்திருந்தால் தோளில் ஒரு ஊசியும் மூன்று வாரமும் மிச்சமாகியிருக்கும்.

உளுந்துத் தைலம் தடவி நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தபோது எனக்குக் கழுத்துத் தசையின் இறுக்கம் தளர்ந்தது. இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன். விரலின் மரமரப்பை அது தொடவில்லை. சூடு தசையை இளக்கும், எலும்புத் துளையை அகலமாக்காது என்பது என் அனுபவம். சர்க்கரை உள்ளவர்களும், தோலில் உணர்வு மந்தமானவர்களும் ஒத்தடச் சூட்டை இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். என் மதினி உப்பு ஒத்தடத்தில் தோளைச் சுட்டுக்கொண்டு, அந்தப் புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

12 ஜூன் 2023

தம்பி, இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு எந்தெந்த விரல்கள் மரத்துப் போகின்றன? பகலில் கழுத்தைத் திருப்பும்போது அதிகமாகிறதா, இரவில் தூக்கத்தில் அதிகமாகிறதா?

13 ஜூன் 2023, இரவு

உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கின்றன, சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலி கூடுவதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக் கையை உதறி உதறி, பிறகு திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 9ஆம் தேதி நான் எழுதிய முதல் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு வந்ததே உங்கள் அம்மாவுக்கும் என்று என் நோவை அடுத்தவர் உடம்பில் ஏற்றி எழுதியது தவறு.

இரவில் கையை உதற வைக்கும் மரமரப்பு பெரும்பாலும் மணிக்கட்டின் அடையாளம். உள்ளங்கைக்குள் நுழையும் நடு நரம்பு, விரல்களை மடக்கும் தசைநாண்களோடு சேர்ந்து, எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் போகிறது. அந்த இடத்தில் நெருக்கம் ஏற்பட்டால் முதல் மூன்று விரல்களும் மோதிர விரலில் பாதியும் மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். ஆனால் வலி அங்கேயே நிற்பதில்லை. முன்கை வழியாக மேலே ஏறித் தோள் வரைக்கும் போகும். தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குச் சிக்கல் மணிக்கட்டில் இருக்கக்கூடும் என்பதை நான் எழுதாமல் விட்டேன். நாள் முழுவதும் இலையை உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கும் விரல்கள் அவை. தட்டை மடியில் வைத்துக் குனிந்து உட்காரும் கழுத்தைப் பார்த்த எனக்கு அந்த விரல்கள் கண்ணில் படாமல் போயின.

புறங்கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் விரல்கள் மதமதத்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டைவிரலின் அடிமேடு இரண்டு கையிலும் ஒரே அளவில் புடைத்திருக்கிறதா, வலக்கையில் வற்றிப்போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டும் மணிக்கட்டு நெருக்கத்தோடு சேர்ந்து வருபவை. அந்த இரத்தப் பரிசோதனைகளும் வேண்டும்.

14 ஜூன் 2023

எம்.ஆர்.ஐ.யில் பிதுங்கல் இருக்கிறதே, அது பொய்யா என்று கேட்கிறீர்கள். பொய் இல்லை. ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரைப் படம் எடுத்து 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 87.6 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது. நரை முடியைப் போல வயதோடு வருவது அது. படத்தில் தெரியும் இடமும், மரத்துப்போகும் விரலும், மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துக் கண்ட குறையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூலப் பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணும் பட்டாவில் வேறொரு சர்வே எண்ணும் இருந்தால் நான் கிரயம் எழுத மாட்டேன். முதலில் நிலத்தைப் போய்ப் பார்த்து வரச் சொல்வேன். கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன்னாலும் அந்த அளவு பொருத்தம் வேண்டும்.

நரம்பில் மின்சாரம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. மணிக்கட்டு நெருக்கத்தை அது நன்றாகக் காட்டும். அதோடு தசையில் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் பரிசோதனை கழுத்து வேரின் பாதிப்பைக் காட்டும். வலி தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் ஊசிப் பரிசோதனை செய்தால் மாற்றம் தெரியாமல் போகலாம். உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

14 ஜூன் 2023, இரவு

இரண்டு இடத்திலும் சிக்கல் இருக்கலாமே என்று ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியான கேள்வி. ஒரு நரம்பு மேலே ஓரிடத்தில் நெருக்கப்பட்டால் கீழே இன்னோர் இடத்தில் எளிதாகப் பாதிக்கப்படும் என்று அப்டன், மெக்கோமஸ் என்ற இரு மருத்துவர்கள் 1973இல் எழுதினார்கள். அதன் காரணம் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. அதனால்தான் கழுத்தை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

16 ஜூன் 2023

பி12 ஊசி விஷயம். உடம்பில் பி12 குறைந்தால் நரம்பு கெடும். அப்போது ஊசி அவசியம். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தக் குறைவு வருவதுண்டு. இரத்தத்தில் அளவு சரியாக இருக்கும்போது எத்தனை ஊசி போட்டாலும் நெருக்கப்பட்ட நரம்பின் மேலிருந்து எலும்போ பட்டையோ விலகப் போவதில்லை.

எனக்கு இரவில் பிரிகாபலின் 75 மில்லிகிராம் கொடுத்தார்கள். வலி அடங்கியது, காலையில் தலை கிறுகிறுத்தது. அந்த வாரம் ஒரு கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், கிழக்கையும் மேற்கையும் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்தாகும் முன்பு கட்சிக்காரரே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பத்து நாள் காலை வேளையில் பத்திரம் எழுதுவதை நிறுத்தினேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருக்க வேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

17 ஜூன் 2023

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இடத் தோளிலும் இடக்கையிலும் வலி வந்து, நெஞ்சில் இறுக்கமோ வியர்வையோ மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் அது நரம்பு என்று எண்ணி வீட்டில் இருக்கக் கூடாது. உடனே இதயத்துக்குப் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடங்காமல் போவது ஆகியவை தண்டுவடமே நெருக்கப்படுவதன் அறிகுறிகள். இவற்றுக்கு ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, நாளுக்கு நாள் கை வலுவிழப்பது ஆகியவையும் அப்படியே. புகை பிடிப்பவருக்குத் தோள் வலியோடு சுண்டுவிரல் பக்கம் மரத்து, அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கினால் நுரையீரலின் உச்சியைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

19 ஜூன் 2023

கல்லிடைக்குறிச்சி வாசகர் தம் மகன் கைப்பந்து விளையாடுவதாகவும், தோளின் பின்புறம் ஆழத்தில் வலிப்பதாகவும், விரல் எதுவும் மரக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பையனைச் சட்டையில்லாமல் நிற்க வைத்து இரண்டு முதுகுப் பட்டைகளையும் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் எலும்புக்கு மேலே உள்ள சதை வற்றிக் குழிந்திருந்தால், பட்டை எலும்பின் மேல்விளிம்பிலோ அதைத் தாண்டியோ ஒரு நரம்பு சிக்கியிருக்கலாம். கைப்பந்து வீரர்களுக்கு அது நேர்வது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. அங்கே நீர்க்கட்டி அழுத்துகிறதா என்று பார்க்கத் தோளைத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், கழுத்தை எடுத்துப் பயனில்லை.

வெள்ளையடிக்கும் வேலை செய்பவர் ஒருவர், கையை மேலே தூக்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கின்றன என்கிறார். எனக்கு வலி அடங்கிய அதே செயலில் அவருக்கு அதிகமாகிறது. கழுத்துப் பக்கத் தசைகளுக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்புக் கற்றை நெருக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குக் கழுத்தில் ஒரு கூடுதல் விலா எலும்பு இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே அது தெரிந்துவிடும்.

22 ஜூன் 2023

கழுத்துப் பட்டை, டிராக்ஷன் (கழுத்தைக் கருவியால் மெதுவாக இழுத்து நிறுத்துவது), ஊசி, அறுவை பற்றி ஒன்றாக எழுதுகிறேன். பட்டையை நான் முதல் பத்து நாள் மட்டும் போட்டேன். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை வேலை மறந்து மெலிந்துவிடும். டிராக்ஷனில் படுத்திருக்கும் இருபது நிமிடமும் சுகமாக இருந்தது. எழுந்து பேருந்து நிலையம் வருவதற்குள் வலியும் வந்தது. சிலருக்கு நல்ல பலன் தந்திருப்பதால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கழுத்து நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி, அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு போன்ற கேடுகள் நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ஆம் ஆண்டு எச்சரித்தது. எனவே படக்கருவியில் பார்த்தபடியே போடும் பழகிய கைகளிடம் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பக்கமாகத் திறந்து டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைக்கும் அறுவை 1950களிலிருந்து நடக்கிறது. கை வலுவிழந்துகொண்டே போகிறவர்களுக்கும், தண்டுவடம் நெருக்கப்பட்டவர்களுக்கும், பல வாரம் எல்லாம் செய்தும் தாங்க முடியாதவர்களுக்கும் அது நல்ல வழி. அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

எனக்கு மிகவும் உதவியது பயிற்சிதான். நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் தூக்காமலும் குனியாமலும், தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்குவது. பிறகு நரம்பை நகர்த்தும் பயிற்சி. முதல் வாரம் நான் அதை வெறியோடு இழுத்து இழுத்துச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டேன். பயிற்சி சொல்லித் தந்த பெண், பாவாடை நாடா மடிப்புக்குள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்த்தினால் ஓடும். கையை நீட்டும்போது தலையை அதே பக்கம் சாய்த்து, கையை மடக்கும்போது தலையை நேராக்கி, மரமரப்பு தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் எனக்குப் பலன் தெரிந்தது.

1 ஜூலை 2023

பரிசோதனை முடிவை எழுதியதற்கு நன்றி, தம்பி. வலது மணிக்கட்டில் நடுத்தரமான நெருக்கம், கழுத்து வேரில் பாதிப்பு இல்லை, கட்டைவிரல் மேடு வற்றவில்லை. சர்க்கரை இருப்பதும் இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதற்கான வைத்தியத்தை இதோடு சேர்த்தே பாருங்கள். மணிக்கட்டை வளையாமல் நேராக நிறுத்தும் பட்டையை இரவு முழுவதும் கட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பது சரியான தொடக்கம். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் மணிக்கட்டில் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் உள்ளே நரம்பை நெருக்கும் அந்தத் தடித்த பட்டையைத் திறந்துவிடும் சிறு அறுவை என்று மருத்துவர் வரிசை சொல்லியிருக்கிறார். அந்த வரிசைப்படியே போங்கள்.

8 ஜூலை 2023

அம்மா நேற்றுத் திண்ணைக்குப் போகாமல், விடிகாலை முதல் பேருந்தின் சத்தத்தில்தான் விழித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து என் மனைவி என்னைவிட அதிகமாக மகிழ்ந்தாள். பட்டையை அதற்காக விட்டுவிடக் கூடாது.

இனி உட்காரும் முறை. மூலப் பத்திரத்தை நான் மேசையில் கிடத்தி, வலப்பக்கமாகக் குனிந்து திரும்பிப் படித்தபடியே தட்டச்சு செய்தவன். நான்கரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை நாள் முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டிருந்தேன். இப்போது தாத்தா இராமாயணம் வாசித்த சிக்குப்பலகையில் பத்திரத்தை நிறுத்திக் கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் பீடித் தட்டும் மடியில் இருக்கிறவரை கழுத்து நிமிர வழியில்லை; கழுத்து வேர் இப்போது தப்பியிருக்கிறது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. சுவரில் முதுகு சாய்த்து, மடிக்குக் குறுக்கே ஒரு குட்டை மணை போட்டு அதன்மேல் தட்டை வைத்தால் கை உயரும், தலையும் உயரும். எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். சனிக்கிழமை முக்கூடல் வழியாக வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.